டெஸ்டர் எரிகிறது, புரொஜெக்டர் எரியவில்லை

ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதம். அதன் சாரம் இதுதான்:

அவருடைய வகுப்பறைக் கூரையில் மாட்டிய புரொஜெக்டர் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் செல் பிரிதல் பற்றிய வீடியோவைப் போட்டுக் காட்டினார். மணி அடித்ததும் பிள்ளைகளை அனுப்பும் அவசரத்தில், ரிமோட்டைத் தேடாமல் சுவர் ஸ்விட்சை நேராக அணைத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் புரொஜெக்டர் உயிர் பெறவே இல்லை. ரிமோட்டுக்கு இரண்டு முறை புது பேட்டரி போட்டாயிற்று. எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, கூரையில் உள்ள சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் நல்லா வருது, மெஷின்தான் போச்சு" என்று இறங்கிவிட்டார். மாட்டிக்கொடுத்த கடைக்குப் போன் செய்தால், நேரில் வராமலே "லாம்ப் போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். பள்ளி உதவியாளர் அண்ணா மேலே ஏறி லாம்ப் மூடியைத் திறந்து பார்த்து மூடியிருக்கிறார். சக ஆசிரியர் ஒருவர், "கீழே இறக்குங்க, வீடியோ பார்த்து நானே பிரிச்சுப் பார்க்கறேன்" என்று ஆர்வமாக இருக்கிறார். நிர்வாகமோ, சுவர் ஸ்விட்சில் அணைத்ததால்தான் போனது, செலவை நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டது.

அவர் கேட்பது நான்கு கேள்விகள். நான்தான் கெடுத்தேனா? லாம்ப் வாங்கலாமா? நாங்களே பிரித்துப் பார்க்கலாமா? சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, போகிறபோக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறார். ஒன்று: "முன்பெல்லாம் அறை இருட்டாக இருக்கும்போது புரொஜெக்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு தெரியும். இப்போது அதுவும் இல்லை." இன்னொன்று: "அந்தச் சனிக்கிழமை பள்ளி முழுக்கக் கேமரா மாட்டினார்கள். எங்கள் வகுப்பிலும் ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றை நகர்த்தி அப்படியே விட்டுப் போயிருந்தார்கள்."

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கத்திலும் நீங்கள் உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு வேண்டிய துப்பெல்லாம் அந்தக் கடைசி இரண்டு விஷயங்களில்தான் இருக்கிறது. புரொஜெக்டர், டிவி, ஆம்ப்ளிஃபையர் என்று பழுது பார்த்தே பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த மெஷின் கெட்டுவிட்டது என்று இன்னும் யாருமே நிரூபிக்கவில்லை. எலக்ட்ரீஷியன், கடைக்காரர், நிர்வாகம் மூன்று பேரும் மூன்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். விசாரணை மட்டும் இன்னும் நடக்கவில்லை.

அதனால் முதலில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம், லாம்ப் வாங்க வேண்டாம், எதையும் பிரிக்கவும் வேண்டாம். மின்சாரம் சுவரிலிருந்து புறப்பட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் கண்டுபிடிப்போம்.

அந்தச் சிவப்பு விளக்கு சொல்வது

புரொஜெக்டர் அணைந்திருக்கும்போதும் அதற்குள் ஒரு சின்னப் பகுதி விழித்துக்கொண்டுதான் இருக்கும். ரிமோட்டின் கட்டளைக்குக் காத்திருக்கும் பகுதி அது. அதைத்தான் ஸ்டாண்ட்பை என்கிறோம். நீங்கள் இருட்டில் பார்த்த சிவப்பு விளக்கு அதன் அடையாளம்.

அந்த விளக்கே எரியவில்லை என்றால் இரண்டில் ஒன்றுதான். மெஷினுக்குள் மின்சாரம் போகவே இல்லை. அல்லது, போகிறது, ஆனால் உள்ளே இருக்கும் பவர் சப்ளை போர்டு அதை வாங்கவில்லை. இந்த நிலையில் ரிமோட்டைப் பற்றிக் கவலைப்படுவதில் பயன் இல்லை. ரிமோட் என்பது விழித்திருப்பவரைக் கூப்பிடும் குரல். கேட்பதற்கு அங்கே ஆள் இருந்தால்தானே? பேட்டரியை இனி மாற்ற வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன லாம்ப் கதையும் இங்கேயே அடிபட்டுப்போகிறது. லாம்ப் போன புரொஜெக்டர் எப்படி நடந்துகொள்ளும் தெரியுமா? ஸ்டாண்ட்பை விளக்கு வழக்கம்போல எரியும். பவர் பொத்தானை அழுத்தியதும் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். லாம்பைப் பற்றவைக்க முயன்று, முடியாமல், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். லாம்ப் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரியும் அல்லது சிமிட்டும். அதாவது மெஷினே வாய்திறந்து, "எனக்கு லாம்ப் இல்லை" என்று சொல்லும். உங்களுடையது வாயே திறக்கவில்லை. இப்போது லாம்ப் வாங்கினால், பழைய நல்ல லாம்பைக் கழற்றிவிட்டு புது லாம்பை மாட்டிக்கொண்டு, அதே இருட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒருமுறை பிரித்த லாம்பைப் பல கடைகளில் திரும்ப வாங்க மாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள்.

டெஸ்டர் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தமா?

இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனை நல்ல மெஷின்கள் பழைய சாமான் கடைக்குப் போயிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் மனசு பதைக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் அறிவியல் ஆசிரியை, உங்களுக்கு எளிதில் புரியும்.

ஒரு சாதனம் ஓடுவதற்கு மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஃபேஸ் வயரில் போகிறது, நியூட்ரல் வயரில் திரும்புகிறது. ஸ்க்ரூ டிரைவர் போல இருக்கும் நியான் டெஸ்டரை ஃபேஸில் வைத்து, பின்பக்க உலோகத்தில் விரலை வைத்தால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது? உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. உள்ளே இருக்கும் பெரிய ரெசிஸ்டரால் அது மிக மிகக் குறைவாக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை. இதில் நியூட்ரலுக்கு எந்த வேலையும் இல்லை பாருங்கள். நியூட்ரல் வயர் பாதி வழியில் அறுந்து கிடந்தாலும் ஃபேஸ் துளையில் டெஸ்டர் அழகாக எரியும். எலக்ட்ரீஷியன், "கரண்ட் நல்லா வருது" என்பார். புரொஜெக்டரோ கட்டையாகக் கிடக்கும்.

பயிற்சிக் கூடம் ஒன்றில் இப்படித்தான் நடந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. போய்விட்டது என்று சொல்லி மெஷினைக் கீழே இறக்கி என் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். கேபிளைச் சொருகினேன், பொத்தானை அழுத்தினேன், சுவர் முழுக்க நீல வெளிச்சம். ஒரு குறையும் இல்லை. திரும்பக் கொண்டுபோய் மாட்டினால் மறுபடியும் கட்டை. அப்புறம் மெயினை அணைத்துவிட்டு கூரை சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தோம். நியூட்ரல் வயரின் பிளாஸ்டிக் உறை பழுப்பாகி உருகியிருந்தது. செம்பு நுனி கரிபிடித்து, திருகைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளியில் நின்றது. பல மாதமாகத் திருகு தளர்ந்து, சூடேறி, கடைசியில் ஒருநாள் விட்டுவிட்டது. அந்த ஒரு நூல் இடைவெளிக்காக ஒரு மெஷின் இரண்டு வாரம் ஊர் சுற்றியது.

எனவே எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடுங்கள். சண்டை வேண்டாம், "அண்ணா, மல்டிமீட்டர் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும். 220 முதல் 240 வோல்ட் வரை காட்டினால் சாக்கெட் சரி. மீட்டர் இல்லாவிட்டால் ஒரு டேபிள் லாம்பை அந்தச் சாக்கெட்டில் சொருகிப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால், அநேகமாக நியூட்ரல் அறுந்திருக்கிறது. அதே லைனில் போட்டிருக்கும் வேறு ஏதோ விளக்கோ ஃபேனோ வழியாக ஃபேஸ் சுற்றிவந்து அந்தத் துளையில் நிற்கிறது என்று பொருள். "ரெண்டுலயும் வருது, சூப்பர்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கேமரா மாட்டிய சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை மாலை வரை ஓடிய மெஷின் திங்கட்கிழமை ஓடவில்லை. நடுவில் ஒரு நாள், அதே அறையில், அதே கூரைக்கு மேலே வேலை நடந்திருக்கிறது. ஒரு பழுதுக்காரனுக்கு இதைவிடப் பெரிய துப்பு வேறு வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வயர் இழுப்பவர்கள் இருட்டில் கையை விட்டுத் தடவித்தான் வேலை செய்வார்கள். கேமரா வயரை இழுக்கும்போது பக்கத்தில் கிடக்கும் புரொஜெக்டர் கேபிளும் சேர்ந்து இழுபட்டிருக்கலாம். புரொஜெக்டர் முனையில் இருக்கும் பிளக், டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் போடுவோமே, அதே மூன்று துளைப் பிளக்தான். அதற்குப் பூட்டு கிடையாது, வெறும் இறுக்கத்தில்தான் நிற்கிறது. மேஜை மேல் இருக்கும் சாதனத்தில் பரவாயில்லை. கூரையில் கேபிளின் கனமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். நான்கு வருடத்தில் தளர்ந்துபோன பிளக்குக்கு ஒரு சின்ன இழுப்பு போதும். கீழே நின்று பார்த்தால் மாட்டியபடிதான் தெரியும். உள்ளே முள் மட்டும் தொடாமல் இருக்கும்.

இன்னொரு வாய்ப்பு, கேமராவுக்கான அடாப்டருக்கு அந்தச் சாக்கெட்டிலிருந்தே லைன் எடுத்திருக்கலாம். அப்படி எடுக்கும்போது ஒரு வயரைக் கழற்றி இரண்டாக முறுக்கித் திரும்பச் சொருகியிருப்பார்கள். திருகு சரியாக இறுகாமல் விட்டிருந்தால் நான் மேலே சொன்ன கதைதான். அவர்கள்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரையும் கையைக் காட்டும் முன் அந்தப் பலகையை நகர்த்தி ஒரு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நிமிடச் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏணியில், ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே. நாற்காலி மேல் பெஞ்சு, பெஞ்சு மேல் ஸ்டூல் என்ற கட்டுமானமெல்லாம் வேண்டாம். பிள்ளைகள் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அறையின் எம்.சி.பி., அதாவது கோளாறு வந்தால் தானாகவே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச், கீழே விழுந்திருக்கிறதா என்று போர்டில் பாருங்கள். விழுந்திருந்தால் ஒரே ஒரு முறை மேலே தள்ளிப் பாருங்கள். திரும்ப விழுந்தால் இரண்டாவது முறை முயல வேண்டாம், எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, எலக்ட்ரீஷியனின் வேலை அது.

அடுத்து, கம்ப்யூட்டர் அறையிலிருந்து நன்றாக ஓடும் ஒரு மானிட்டரின் பவர் கேபிளை எடுத்து வாருங்கள். வகுப்பறை புரொஜெக்டர் சாதாரணமாக 200 முதல் 400 வாட் வரைதான் எடுக்கும், இரண்டு ஆம்பியருக்குள் அடங்கிவிடும். அந்தக் கேபிள் தாராளமாகத் தாங்கும். வேறொரு சுவர் சாக்கெட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்து, அதில் முதலில் போன் சார்ஜரைப் போட்டு வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு போர்டை அணைத்துவிட்டு, புரொஜெக்டரின் பழைய கேபிளை உருவி, இந்தப் புதுக் கேபிளை ஆழமாக, கடைசிவரை அழுத்திச் சொருகுங்கள். ஏணியில் இருப்பவர் இறங்கியபின் போர்டைப் போடுங்கள். சில மாடல்களில் பின்பக்கம் தனியாக ஒரு மெயின் ஸ்விட்ச் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்தச் சிவப்பு விளக்கைப் பாருங்கள்.

எரிந்தால், மெஷின் உயிரோடு இருக்கிறது. குற்றவாளி பழைய கேபிளோ கூரை சாக்கெட்டோதான். எரியாவிட்டால், இப்போதுதான் முதல்முறையாக மெஷினுக்குள் பழுது என்று நியாயமாகச் சொல்ல முடியும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. விளக்கு எரிகிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் கிளம்பவில்லை. அப்படி ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது உதவியாளர் அண்ணா திறந்து மூடிய லாம்ப் மூடியைத்தான். அந்த மூடிக்கு உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். மூடி முழுதாக உட்கார்ந்து அதை அழுத்தினால்தான் மெஷின் கிளம்பச் சம்மதிக்கும். லாம்ப் ஏரியாவில் ஆயிரக்கணக்கான வோல்ட் உருவாகும் என்பதால் வைத்திருக்கும் பாதுகாப்பு அது. மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தாலும் போதும், முதல் பழுது சரியான பிறகும் இந்த இரண்டாவது பழுது உங்களைக் குழப்பும். மெயினை அணைத்து, மூடியைச் சரியாக உட்காரவைத்துத் திருகை இறுக்கச் சொல்லுங்கள்.

அதன்பின்னும் கிளம்பாவிட்டால் மெஷினில் உள்ள பொத்தானை நேரடியாக அழுத்திப் பாருங்கள். அதில் கிளம்பி ரிமோட்டில் கிளம்பாவிட்டால் ரிமோட்டின் கோளாறு. போன் கேமராவை ரிமோட்டின் மூக்குக்கு நேராக வைத்துப் பொத்தானை அழுத்தினால் திரையில் வெளிர் ஊதாவாக ஒரு மினுக்கு தெரிய வேண்டும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், சில போன்களில் பின்கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும். பொத்தானிலும் கிளம்பாமல் விளக்குகள் சிமிட்டினால், அதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து, எந்த விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெஷினோடு வந்த புத்தகத்தில் அதற்கு ஒரு அட்டவணை இருக்கும். வெப்பத்தைக் குறிக்கும் விளக்கு என்றால் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். கூரைப் பக்கத்துக் காற்று எப்போதுமே சூடு. அதோடு, உயரத்தில் இருப்பதால் யாரும் ஃபில்டரைத் துடைப்பதும் இல்லை.

"நான்தான் கெடுத்தேனா?"

நேரடியாகச் சொல்கிறேன். ஒரே ஒருமுறை சுவர் ஸ்விட்சில் அணைத்ததால் ஸ்டாண்ட்பை விளக்குகூட எரியாத அளவுக்குப் பவர் சப்ளை சாகும் என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை. எந்த நேரமும் மின்தடை வரலாம் என்று தெரிந்துதான் அந்தப் பகுதியைச் செய்கிறார்கள். நான்கு வருடத்தில் எத்தனை முறை ஓடும்போதே கரண்ட் போயிருக்கும்? அதற்கும் நீங்கள் ஸ்விட்சை அணைத்ததற்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் அந்தப் பழக்கம் நல்லதா என்றால், இல்லை. லாம்ப் வகைப் புரொஜெக்டரில், எரியும்போது லாம்புக்குள் ஏறக்குறைய 200 மடங்கு காற்றழுத்தம் இருக்கும். அணைத்தபின் ஃபேன் சில நிமிடம் சுற்றி அதைப் படிப்படியாக ஆறவைக்க வேண்டும். திடீரென்று மின்சாரத்தை வெட்டினால் ஃபேனும் நின்றுவிடும், அத்தனை சூடும் உள்ளேயே தங்கிவிடும். இப்படி அடிக்கடி நடந்தால் லாம்பின் ஆயுள் குறையும். அதனால் இனிமேல் ரிமோட்டில் அணையுங்கள், ஃபேன் நிற்கட்டும், அப்புறம் சுவர் ஸ்விட்ச். இரவிலும் விடுமுறையிலும் சுவர் ஸ்விட்சை அணைத்து வைப்பது நல்லதும்கூட. இடி மின்னல் நேரத்தில் லைனில் வரும் அதிர்ச்சியிலிருந்து ஓரளவு காப்பாற்றும்.

நிர்வாகத்திடம் என்ன சொல்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபமாகவோ மன்னிப்பாகவோ எதுவும் எழுதித் தராதீர்கள். "என் தவறுதான்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், நாளைக்குச் சாக்கெட்டில்தான் பழுது என்று தெரிந்தாலும் அந்தத் தாள் கோப்பில் இருக்கும். மாறாக ஒரு கோரிக்கை கொடுங்கள்: எந்தப் பாகம் பழுது, என்ன காரணம் என்று சர்வீஸ் சென்டரிடமிருந்து எழுத்தில் அறிக்கை வாங்கியபின் செலவைப் பற்றிப் பேசலாம் என்று. அதோடு சனிக்கிழமை கூரையில் வேலை நடந்ததையும் தேதியோடு குறிப்பிடுங்கள். பழியாக எழுத வேண்டாம், நடந்ததாக எழுதுங்கள். பொதுப் பயன்பாட்டில் தேய்ந்து பழுதாகும் சாதனத்துக்கு ஊழியரிடம் பணம் பிடிக்க முடியுமா என்பது உங்கள் பணி விதிகளைப் பொறுத்தது. வாய்மொழி மிரட்டலுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டுவதற்கு முன் அந்த விதிகளை எழுத்தில் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வாரன்ட்டி முடிந்திருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். வாங்கிய பில்லைத் தேடி எடுத்துப் பாருங்கள். பள்ளிகளுக்கு விற்கும் மாடல்களில் நீட்டித்த வாரன்ட்டி வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. லாம்புக்கு ஒரு கெடுவும் மெஷினுக்கு இன்னொரு கெடுவும் இருக்கும், லாம்பின் கெடு பெரும்பாலும் மிகக் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரித்துப் பார்க்கும் ஆசை

உங்கள் சக ஆசிரியரின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். நானும் அப்படித் தொடங்கியவன்தான். ஆனால் புரொஜெக்டர், கற்றுக்கொள்வதற்கான முதல் சாதனம் கிடையாது. உள்ளே வரும் 230 வோல்ட் ஏசி, பவர் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசியாக மாறி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பல மாடல்களில் அது 400 வோல்ட்டைத் தொடும். பிளக்கை உருவிய பிறகும் அது அங்கேயே காத்திருக்கும், குறிப்பாகப் பவர் போர்டு செத்துப்போன மெஷினில். ஓடும் மெஷின் அந்தத் தேக்கத்தைத் தானே செலவழித்துவிடும், செத்த மெஷின் செலவழிக்காது. வீடியோவில் பார்ப்பது பெரும்பாலும் நல்ல மெஷினைப் பிரிப்பது. இந்த வித்தியாசத்தை அவரிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். அதோடு, வாரன்ட்டி ஏதாவது மிச்சம் இருந்தால் திருகைத் தொட்டவுடன் அதுவும் போய்விடும்.

லாம்ப் மூடியைக் கூரையிலேயே வைத்துத் திறந்ததும் ஆபத்தான காரியம். லாம்ப் உள்ளே நொறுங்கியிருந்தால், மூடி திறந்த மறுகணம் கண்ணாடிச் சில்லு நேராக முகத்தில் விழும். கூரையில் மாட்டியதைத் திறக்கும்போது அடியில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், லாம்ப் ஒரு மணி நேரமாவது ஆறியிருக்க வேண்டும். அந்த லாம்பில் கொஞ்சம் பாதரசமும் உண்டு. என்றைக்காவது ஓடும்போது 'டப்' என்ற சத்தத்தோடு அணைந்தால், ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை உடனே வெளியே அனுப்புங்கள். அண்ணாவைத் திட்ட வேண்டாம், உதவி செய்யத்தான் ஏறினார். அடுத்த முறைக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், மெயினை அணைத்து, பின்பக்கக் கேபிள்களை அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒருவர் மெஷினைக் கீழிருந்து தாங்க இன்னொருவர் திருகைக் கழற்ற வேண்டும். மவுண்ட்டில் இரண்டு வகைத் திருகு இருக்கும். மெஷினை மவுண்ட்டோடு பிணைப்பது ஒன்று, சாய்வைச் சரிசெய்வது இன்னொன்று. இரண்டாவதைத் தொடாதீர்கள். தொட்டால் திரும்ப மாட்டும்போது படம் கோணலாகி, அதை நேராக்குவதற்குள் ஒரு நாள் போய்விடும்.

சரிசெய்வதா, புதிதா?

பத்து நிமிடச் சோதனை முடிவதற்கு முன் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. சோதனையில் மெஷின் பழுது என்று உறுதியானால், பவர் சப்ளை போர்டுதான் முதல் சந்தேகம். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது, மாற்று போர்டும் கிடைக்கும். மெயின் போர்டு என்றால் செலவு ஏறும். சர்வீஸ் செலவு அதே தரத்துப் புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதிதுக்குத்தான் சொல்வேன். அதுவும் படம் மஞ்சளடித்தோ வெள்ளைப் புள்ளிகளோடோ வந்துகொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். புதிது என்றால் லேசர் வகையையும் விசாரியுங்கள். லாம்ப் வகையில் சில ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை லாம்ப் மாற்ற வேண்டும். லேசரில் 20,000 மணி நேரம் அளவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏணி போட்டு ஏறும் வேலை மிச்சம் என்பதே கூரையில் மாட்டுகிறவர்களுக்குப் பெரிய லாபம்.

இப்போதைக்கு நாளைக் காலை பிரார்த்தனைக்கு முன், பிள்ளைகள் வருவதற்குள், அந்த மானிட்டர் கேபிளையும் எக்ஸ்டென்ஷன் போர்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். சிவப்பு விளக்கு எரிந்ததா இல்லையா என்பதோடு, மெஷினின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கூரையில் தலைகீழாகத் தொங்குவதால் அந்த அடிப்பக்கம் இப்போது மேலே பார்த்தபடி இருக்கும், போனை மேலே நீட்டித்தான் எடுக்க வேண்டும். அதில் மாடல் எண் தெரிந்தால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.